வீட்டுத் தோட்டத்திற்கு நீடித்து நிற்கும் மூடாக்கு எது?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம், லால்குடி, மண்ணச்சநல்லூர், துறையூர், முசிறி வழிப் பேருந்துகளில் ஏறும் சிறு விவசாயிகளில் பெரும்பாலோருக்கு வயலைத் தவிர வீட்டைச் சுற்றியும் சிறிது நிலம் உண்டு. இரண்டு சென்ட் இருக்கலாம், ஐந்து சென்ட் இருக்கலாம். அதில் இரண்டு தென்னை, ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, நாலு வாழை, வாசலை ஒட்டிச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நிற்கும். வயலுக்குக் கிடைக்கும் கவனம் இந்த நிலத்திற்குக் கிடைப்பதில்லை. கோடையில் இதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காய்ந்து, மண் மறுபடியும் வெளுத்துப் போகிறது.

ஈரத்தைக் காக்க மூடாக்கு போட வேண்டும் என்பது புதிய செய்தி அன்று. கரூர் மாவட்டம் கடவூர் அருகே வானகம் பண்ணையை நிறுவிய கோ. நம்மாழ்வார் 2013-ஆம் ஆண்டின் இறுதியில் மறையும் வரை இதை ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் வைக்கோலைப் பரப்பினார்கள், சருகைப் பரப்பினார்கள். மூன்று நான்கு மாதங்களில் அது கரையானுக்கும் காற்றுக்கும் போயிற்று. மறுபடியும் தேடிக் கொண்டு வந்து போட ஆளும் இல்லை, பொருளும் இல்லை என்று பலர் விட்டுவிட்டார்கள். வேறு சிலர், ஒருமுறை போட்டால் போதும் என்ற பேச்சை நம்பிக் கடையில் விற்கும் வெள்ளைக் கூழாங்கல்லையும் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பையும் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள்.

அப்படி வாங்கிக்கொண்டு பேருந்துக்கு நடக்கும் வழியில்தான் இளநீர் வண்டிகளும் நிற்கின்றன. வண்டிக்குப் பக்கத்தில் வெட்டிப் போட்ட கூடுகள் குவிந்து கிடக்கின்றன. நகரத்துக்கு அது குப்பை. அள்ளிப் போடச் செலவு. முறை அறிந்து போட்டால் அதே பொருள் வீட்டுத் தோட்டத்தில் நின்று உழைக்கும். அதன் மூத்த உறவான தேங்காய் மட்டை இன்னும் அதிக நாள் உழைக்கும். இந்த மட்டைக்கு எதிரே மற்றப் பொருட்களை நிறுத்திப் பார்த்தால் எதை எங்கே போடலாம் என்பது தெளிவாகும்.

மண்ணுக்குக் குடை

வெயில் நேராக மண்மீது படும்போது மேல்மண் சூடேறி ஈரம் ஆவியாகிறது. மேலே ஈரம் குறையக் குறைய, கீழ்மண்ணில் உள்ள ஈரமும் மண்ணின் நுண்ணிய துளைகள் வழியே ஏறி வந்து அதே போக்கில் போய்விடுகிறது. மூடாக்கு வெயிலும் காற்றும் மண்ணைத் தொடாமல் மறைக்கிறது. வெளிச்சம் இல்லாததால் களை முளைப்பதும் குறைகிறது. மழைத்துளி நேரே அடித்து மேல்மண் இறுகுவதில்லை.

மணிகண்டம், நவலூர் குட்டப்பட்டுப் பக்கத்தில் உள்ளது போன்ற களர் நிலங்களில் இன்னொரு நன்மையும் உண்டு. ஈரம் மேலேறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டே வருகிறது. ஈரம் போய்விடுகிறது, உப்பு வெள்ளையாகப் படிந்து நிற்கிறது. மூடாக்கின் கீழ் இந்தப் படிவு குறையும். மூடாக்கு போட்டதால் மட்டும் களர் நிலம் நல்ல நிலமாகிவிடாது; மண்ணைப் பரிசோதித்து, சொல்லும் அளவுக்கு ஜிப்சம் இடத்தான் வேண்டும்.

மூடாக்கு போடும் காலமும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையும் டிசம்பரோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். வாய்க்காலில் நீர் நின்ற பிறகு கிணற்று மட்டமும் இறங்கத் தொடங்கும். ஆகவே தை மாதக் கடைசியிலிருந்து மாசி நடுவரை, மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும்போதே மூடாக்கைப் போட்டுவிட வேண்டும். சித்திரையில் காய்ந்து வெடித்த மண்ணின்மேல் போடும் மூடாக்கு அந்தக் காய்ச்சலைத்தான் காக்கும். காலம் தவறியவர்கள் முதலில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் போடலாம்.

சீக்கிரம் மக்குகிறவை

வைக்கோல் மாட்டுக்கு உரியது. நல்ல வைக்கோலைச் செடிக்குப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தீவனம் வாங்குவது சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. போரின் அடியில் நனைந்து கறுத்துப் போன வைக்கோலை மட்டும் மூடாக்குக்கு ஒதுக்கலாம். கீரை, கத்தரி, வெண்டைப் பாத்திகளுக்கு அது மிகவும் ஏற்றது. அந்தப் பாத்திகளை எப்படியும் சில மாதங்களில் கொத்திவிடப் போகிறோமாதலால், சீக்கிரம் மக்குவது அங்கே குறையாகாது. நாலைந்து ஆண்டு கலைக்காமல் விட வேண்டிய மரத்தடிக்கு வைக்கோலைப் போட்டால்தான் ஆண்டு முழுவதும் வேலை.

வாழைச் சருகு ஸ்ரீரங்கம் தீவிலும் ஜீயபுரம், தொட்டியம் பக்கத்திலும் தாராளமாகக் கிடைக்கும். எளிதில் மக்கிச் சாம்பல் சத்தைத் தரும். ஆனால் எந்தத் தோட்டத்துச் சருகு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ரஸ்தாளி, கற்பூரவல்லி, நெய்பூவன் போன்ற ரகங்களில் வரும் வாடல் நோய் மண்ணில் வாழும் பூசணத்தால் உண்டாவது. நோய் கண்ட தோட்டத்திலிருந்து சருகையும் தண்டையும் கொண்டு வந்து வீட்டு வாழைக்குப் போட்டால் நோயையும் சேர்த்துச் சுமந்து வந்ததாகும். அந்தப் பூசணம் ஒருமுறை மண்ணில் குடியேறினால் பல ஆண்டுகள் அகலாது. சந்தேகம் இருப்பவர்கள் தாயனூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலோ, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம்.

கரும்புச் சோகை ஒரு கோடையைத் தாங்கும். வயலில் கொளுத்துவதைவிட அள்ளி வருவது நல்லது. கையைக் கிழிக்கும், கரையானை இழுக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நெல் உமி இவற்றைவிட மெதுவாகவே மக்கும். அதில் சிலிக்கா என்னும் மணற்சத்து அதிகம் இருப்பதே காரணம். மண்ணச்சநல்லூர் ஆலைகளின் ஊர் என்பதால் இந்தப் பக்கத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. எனினும் தனியாகப் பரப்பினால் மாசிக் காற்றில் பறக்கும், மழையில் மிதந்து வாசலுக்கு வரும். மட்டைகளுக்கு இடையில் உள்ள சந்துகளை அடைக்க உமி நல்ல பொருள். வாங்கும்போது புழுங்கல் அரிசி ஆலை உமியாகப் பார்த்து வாங்க வேண்டும். அவித்த நெல் முளைக்காது. பச்சரிசி ஆலை உமியில் கலந்து வரும் நெல் முளைத்து, களைக்குப் போட்ட மூடாக்கிலேயே களை எடுக்க நேரும்.

கல்லுக்கும் ஆயுள் உண்டு

கூழாங்கல்லும் ஜல்லியும் மக்காது. ஈரத்தையும் காக்கும். வடமேற்குச் சீனாவின் கான்சு மாநிலத்தில், மழை மிகக் குறைந்த லான்சோ நகரச் சுற்றுவட்டார விவசாயிகள் வயல்மீது கல்லும் மணலும் பரப்பி, அதன் நடுவே முலாம்பழமும் தர்ப்பூசணியும் பயிரிடும் வழக்கம் சில நூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. அங்கேயும் பல பத்தாண்டுகள் சென்றதும் மண்ணும் கல்லும் கலந்துபோய்ப் பலன் குறைந்துவிடும். பிறகு அவ்வளவு கல்லையும் வாரி எடுத்துப் புதிதாகப் பரப்ப வேண்டும். அந்த வேலையின் பாரத்தை நினைத்துப் பார்த்தால் கல் மூடாக்கின் உண்மையான விலை தெரியும்.

திருச்சி வெயிலில் இன்னொரு சங்கடம் உண்டு. பங்குனி, சித்திரையில் நண்பகலில் சூடேறிய கல் மாலை வரை சூட்டை விடுவதில்லை. இளஞ்செடியின் தண்டைச் சுற்றிக் கல் கிடந்தால் தண்டு வெந்துபோகலாம். வேப்ப இலையும் புங்க இலையும் விழுந்து, கற்களுக்கு நடுவே மக்கி, மண்ணாகி, அதிலேயே கோரையும் அறுகும் வேர் பிடிக்கும். கல்லுக்குள் வேர் விட்ட கோரையைப் பிடுங்கியவர்கள் மறுமுறை கல் வாங்க மாட்டார்கள். கல் மண்ணுக்கு எந்தச் சத்தையும் தருவதும் இல்லை.

ஆகவே கல்லைச் செடிக்குப் போடாமல் நடைபாதைக்கும், கூரைத் தண்ணீர் விழும் இடத்திற்கும், சுவரோரத்திற்கும், தண்ணீர்க் குழாயடிக்கும் வைத்துக்கொள்வதே தகும். அங்கே அதற்கு ஈடான பொருள் வேறு இல்லை. காவிரி, கொள்ளிடம் படுகையில் அனுமதியின்றிக் கல்லோ மணலோ அள்ளுவது குற்றம் என்பதையும் மறக்கக்கூடாது. வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி, உடைந்த ஓடு, செங்கல் துண்டு ஆகியவையே இந்த வேலைக்குப் போதும்.

விரிப்புகள்

வயலில் சொட்டுநீர்க் குழாயோடு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுத் தக்காளி, மிளகாய், தர்ப்பூசணி பயிரிடுபவர்கள் நல்ல பலன் காண்கிறார்கள். குறுகிய காலப் பயிருக்கு 25 மைக்ரான், ஓராண்டு வரை நிற்கும் பயிருக்கு 50 மைக்ரான், மரங்களுக்கு 100 மைக்ரான் கனம் என்பது பொதுவான கணக்கு. கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய ரகம். அதை வாங்கிப் பல ஆண்டு நிற்க வேண்டிய மரத்தடியில் விரித்தால் வெயிலில் பொரிந்து, கோழி கிளறி, நாய் படுத்து, அடுத்த கோடைக்குள் கந்தலாகிவிடும். கந்தலானதை மண்ணிலிருந்து பொறுக்கி எடுப்பது வைக்கோல் மறுபடி போடுவதைவிடப் பெரிய வேலை. பொறுக்காமல் விட்டது மாட்டின் வயிற்றுக்குள் போகும்.

கறுப்பு நாடாவால் நெய்த களை விரிப்பு இதைவிட மேலானது. தண்ணீரை உள்ளே விடும். சில ஆண்டுகள் தாங்கும். வெட்டிய ஓரத்தைச் சூடு காட்டி ஒட்ட வைக்காவிட்டால் நூல் நூலாகப் பிரிந்துவிடும். கல் பாதைக்கு அடியில் விரித்தால் வெயில் படாமல் இன்னும் நெடுநாள் இருக்கும். அச்சிட்ட பழைய பேனர்த் துணியை மூடாக்காக விரிப்பது மட்டும் வேண்டாம். அது நீரையும் காற்றையும் மண்ணுக்குள் விடாது. வெயிலில் வெடித்து உரிந்து மண்ணோடு கலக்கும்.

வெளிநாடுகளில் பழைய டயரைத் துருவிய ரப்பர்த் துகளையும் வீட்டுப் பூந்தோட்டத்திற்குப் போடுகிறார்கள். ஆயுளில் அதை வெல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தீப்பிடித்தால் அணைப்பது கடினம்; அதிலிருந்து கசியும் துத்தநாகம் அளவு மீறினால் செடிக்கு ஆகாது. நம் வெயிலுக்கு அதன் நாற்றமும் சேரும். நீடித்து நிற்பது ஒன்றையே பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் முடியும்.

மட்டையின் அருமை

தேங்காய் மட்டை இந்த இரு கூட்டத்திற்கும் நடுவில் நிற்கிறது. வைக்கோலைப் போல உடனே மக்காது. கல்லைப் போல மக்காமலே கிடப்பதும் இல்லை. நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் மரச்சத்து அதில் மிகுதி. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெதுவாகவே தின்ன முடியும். தன் எடையைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மக்கும்போது சாம்பல் சத்தை மண்ணுக்கு விட்டுச் செல்லும். காற்றில் பறக்காது, கோழியால் கிளற முடியாது. மண்ணில் புதைத்த மட்டையின் பலன் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை கிடைக்கும். மேலே பரப்பியது அதற்குச் சற்று முன்னதாகவே மக்கினாலும் சில கோடைகளைத் தாண்டிவிடும்.

மட்டையைப் போடுவதில் இரண்டு முறைகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை.

முதலாவது, மேலே பரப்புவது. இதில் மட்டையின் முதுகுப்புறம் மேலேயும் குழிந்த பக்கம் மண்ணைப் பார்த்தும் இருக்க வேண்டும். வழவழப்பான முதுகு வெயிலைத் தாங்கும். கீழே உள்ள நார் மண்ணைத் தொட்டு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில், அதாவது மரத்திலிருந்து ஆறடி தூரம் வரை, நூறு மட்டைகள் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மட்டைக்குப் பதிலாகப் பதினைந்து காய்ந்த தென்னை ஓலைகளையோ, பத்து சென்டிமீட்டர் உயரத்திற்குத் தென்னை நார்க் கழிவையோ போடலாம் என்றும் அது கூறுகிறது. ஓலை விரைவில் உளுத்துப் போகும் என்பதால், நீடித்து நிற்க வேண்டுமானால் மட்டையே மேல்.

இரண்டாவது, புதைப்பது. தென்னையிலிருந்து 1.5 மீட்டர் தூரத்தில் சுற்றிலும் 30 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் எடுத்து, நூறு மட்டைகளை அடுக்கடுக்காக வைத்து மண்ணால் மூட வேண்டும். இங்கே குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும். மழைநீர் அந்தக் குழியில் தங்கி, நாரில் ஊறி, வேருக்குச் சிறிது சிறிதாகக் கிடைக்கும். குரும்பை உதிர்வதைக் குறைக்கவும் இது உதவும். இதற்கு ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. ஐப்பசி மழையை மட்டை குடித்து வைத்தால்தான் வைகாசியில் அது வேருக்கு உதவும்.

தென்னைக்குச் சொன்ன கணக்கை மற்றச் செடிகளுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆறடி ஆர வட்டம் ஏறக்குறைய பத்து சதுர மீட்டர். ஆகவே சதுர மீட்டருக்குப் பத்து மட்டை. எலுமிச்சைக்கு இரண்டரை அடி ஆரத்தில் வட்டம் போட்டால் பதினெட்டு மட்டை பிடிக்கும். கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் எட்டு போதும். இரண்டு தென்னை, ஓர் எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு பூச்செடி உள்ள வீட்டுக்கு 240 முதல் 250 மட்டை வரை தேவைப்படும். வீட்டுத் தேங்காயை உரித்தே ஓராண்டில் பாதியைச் சேர்த்துவிடலாம். மட்டையை அடுப்புக்குப் போடும் வீடுகளில் மட்டும் இது எளிதாக நடக்காது; அங்கே எலுமிச்சைக்கான பதினெட்டை முதலில் ஒதுக்கி வைத்துத் தொடங்கலாம்.

மரத்தின் தண்டை ஒட்டி மட்டை கிடக்கக்கூடாது. ஒரு சாண் இடைவெளி அவசியம் விட வேண்டும். எலுமிச்சையில் இது மிக முக்கியம். அடித்தண்டு எந்நேரமும் ஈரமாக இருந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியும். மரம் சில பருவங்களில் பட்டுப்போகும். முருங்கைக்கு மழைக்காலத்தில் மட்டையை முழுவதுமாக விலக்கிவிடுவது நல்லது. லால்குடிப் பக்கத்துக் களிமண்ணில் நிற்கும் முருங்கை தண்ணீர் தேங்கினால் வேரழுகிச் சாய்ந்துவிடும்.

மட்டை போட்ட பிறகு தண்ணீர் ஊற்றும் முறையும் மாற வேண்டும். மேலே தெளித்தால் முதலில் மட்டைதான் குடிக்கும். கோடையில் பெய்யும் சிறு தூறலும் மண்ணுக்குப் போய்ச் சேராது. வட்டத்தில் இரண்டு மட்டைகளை நகர்த்தி வாய் போல் விட்டு, அதன் வழியே மண்ணில் ஊற்ற வேண்டும். அடுத்த முறை ஊற்றுவதற்கு முன்பு ஒரு மட்டையைத் தூக்கி விரலை மண்ணில் விட்டுப் பார்க்கலாம். விரல் நுனியில் ஈரம் தெரிந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தினம் ஊற்றிய பழக்கத்தில் மட்டைக்குக் கீழும் தினம் ஊற்றினால் மிச்சம் ஏதும் இல்லை.

இளநீர்க் கூடு

சத்திரம் பகுதியில் கிடைப்பது முற்றாத இளநீர்க் கூடு. அதில் மரச்சத்து குறைவு. ஆகையால் தேங்காய் மட்டையைவிட முன்னதாக மக்கும். எனினும் வைக்கோலையும் சருகையும்விட நெடுநாள் நிற்கும். பச்சைக் கூட்டின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். வெட்டிய அன்றே சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றினால் பாரத்திற்குத்தான் காசு. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியில் மொத்தமாக ஏற்றி வருவதே ஆகும். வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், கூடோடு உறிஞ்சு குழலும் பிளாஸ்டிக் பையும் கலக்காமல் ஒதுக்கி வைப்பார்.

கொண்டு வந்த அன்றே ஒவ்வொரு கூட்டையும் அரிவாளால் நாலாகப் பிளந்துவிட வேண்டும். இதைத் தள்ளிப் போடக்கூடாது. வாய் திறந்த முழுக்கூட்டில் ஒரு மழைத் தண்ணீர் தங்கினால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறந்துவிடும். தோட்டத்து ஈரத்தைக் காக்கப் போய் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலை வாங்கி வரலாகாது. மேலே பரப்பும்போது முதுகு மேலே இருக்க வேண்டும் என்ற விதி இங்கே இரட்டிப்பு முக்கியம். பிளந்த துண்டுகளை ஒரு வாரம் வெயிலில் காயவிட்டுப் பிறகு பரப்பலாம். சதுர மீட்டருக்கு ஏறக்குறையப் பதினைந்து கூடுகள் பிடிக்கும்.

நார்க் கழிவும் மரத்தூளும்

கயிற்றுத் தொழிற்சாலைகளில் கிடைக்கும் தென்னை நார்க் கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீரைப் பிடிக்கும். ஆனால் மக்காத கழிவில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112-க்கு 1 என்ற அளவில் இருக்கிறது. அதை மண்ணோடு கலந்துவிட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலே மட்டும் பரப்பினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மரத்தூளுக்கும் இதே விதிதான். மண்ணில் கலக்க விரும்புகிறவர்கள் ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் ஒரு மாதம் மக்க வைத்தால் அந்த விகிதம் 24-க்கு 1 என இறங்கிவிடும். இது உரமாகிவிட்ட பொருள்; மூடாக்காக நெடுநாள் நிற்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

போடக் கூடாத இடங்கள்

மட்டைக்கு அடியில் ஈரமும் நிழலும் இருப்பதால் தேளும் பூரானும் தங்கும். எலியைத் தேடிப் பாம்பும் வரலாம். வாசற்படி, கழிவறைக்குப் போகும் வழி, குழாயடி, பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றில் மட்டை வேண்டாம். அந்த இடங்களுக்கு முன்பு சொன்ன ஜல்லியே ஏற்றது. மட்டையைத் தூக்கும்போது கையை அடியில் விடாமல் களைக்கொட்டால் புரட்டிப் பார்த்து எடுக்க வேண்டும். இருட்டிய பிறகு தொடவே கூடாது.

சுவரிலிருந்து இரண்டடி தூரத்திற்கு மட்டையோ மரத்தூளோ சருகோ இருக்கக் கூடாது. செம்மண் பகுதிகளில் கரையான் மூடாக்கில் தொடங்கிச் சுவரேறி நிலைக்கதவுக்குப் போய்விடும். மட்டைக்கு அடியில் வேப்பம் புண்ணாக்குத் தூளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினால் கரையான் நடமாட்டம் குறையும்.

மீந்த மட்டையைச் சாணக் குப்பையோடு சேர்த்து மூலையில் குவித்து வைக்கும் வழக்கமும் நல்லதன்று. மக்கும் குவியலில்தான் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். கிளறும்போது பருத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். மீந்ததை அப்போதே பள்ளம் எடுத்துப் புதைப்பது சிறந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை

எரு வைக்கும்போது மட்டைகளை ஓரமாக ஒதுக்கி, எருவை மண்ணில் இட்டுக் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடி அதே முறையில் அடுக்க வேண்டும். மட்டையின்மேலேயே எருவைக் கொட்டினால் அது காய்ந்து வீணாகும். அடியில் வெள்ளை நூல் போலப் பூசணம் படர்ந்திருப்பதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. மட்டையை மக்க வைப்பது அதுதான். தை மாதத்தில் ஒவ்வொரு மட்டையாகப் புரட்டிப் பார்த்து, கறுத்து விரலால் அமுக்கினால் உதிர்வதை எடுத்து வாழைக் குழியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மட்டும் புதிய மட்டையை வைத்தால் போதும். வட்டம் முழுவதையும் கலைக்க வேண்டியதில்லை.